காகிதத்தில் இல்லாத மூன்று வருஷம்

ஓய்வுபெற்ற அன்று எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். சாய்ந்துகொள்ளும் நாற்காலி, கால் நீட்டப் பலகை வைத்தது. மேடையில் அதைத் தூக்கி வைத்து, என்னை அதில் உட்காரவைத்து, மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். நான் கிராம நர்ஸ். முப்பத்துநாலு வருஷம் தோளில் தடுப்பூசிப் பெட்டியை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கு ஏரிக்கரையிலும் வரப்பிலும் நடந்தவள். பெட்டிக்குள் ஐஸ் உருகுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதால் என் நடையே ஒரு மாதிரி அவசர நடையாகிவிட்டது. அப்படி நடந்தவளுக்குத் தேடிப் பிடித்து நாற்காலி. "இனி போதும், உட்கார்" என்று வாயால் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தேக்கில் செய்து கொடுத்துவிட்டார்கள்.

நாலு மாதம் அதில் உட்கார்ந்தும் பார்த்தேன். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள். என் விஷயத்தில் மலை வளர்ந்தது. சர்க்கரை ஏறியது, முட்டி பிடித்துக்கொண்டது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முட்டி தேய்ந்திருக்கிறது, சமதளத்தில் மெதுவாக நடந்தால் போதும் என்றார். மெதுவாக நடப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோயில் என்கிற ஊரில். ஒருநாள் காலையில் ரோட்டோரமாக நடந்துகொண்டிருந்தேன். புது அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு கணவன் மனைவி, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் என்னைத் தாண்டிப் போனார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, பாவம் என்பது போல ஒரு சிரிப்பு சிரித்தாள். என் சர்வீஸில் என்னை யாரும் நடந்து தாண்டியதில்லை. எனக்கு வந்த கோபத்தில் ஓடினேன். சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு, அவர்களைத் தாண்டும் வரை ஓடினேன். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு ஒரு மதகில் உட்கார்ந்து கால் மணி நேரம் இரைத்தேன். மறுநாளும் அதே நேரத்துக்குப் போனேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆரோக்கியத்துக்காக ஆரம்பித்தேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். வீம்புக்குத்தான் ஆரம்பித்தேன்.

நாய்த் தொல்லைக்குப் பயந்து என் வீட்டுக்காரர் பழைய மொபெட்டில் பின்னாலேயே வரத் தொடங்கினார். அவர் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். எனக்கு வலித்தால் தாங்குவார், இஞ்சினுக்கு வலித்தால் தாங்கமாட்டார். என் வேகத்துக்கு வண்டியை உருட்டினால் சூடேறிக் கெட்டுப்போகும் என்று தினமும் புலம்புவார். கொஞ்சம் சீக்கிரமாக ஓடு, வண்டி செத்துவிடும் என்பார். எனக்குப் பயிற்சி கொடுத்தது யார் என்று கேட்டால் அந்த மொபெட்டைத்தான் காட்ட வேண்டும்.

விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிற பையன்கள், ஆயா பஸ்ஸை விட்டுட்டீங்களா என்று கேட்பார்கள். ஆமாம், இப்படியே ஓடிப்போய்ப் பிடிக்கப்போகிறேன் என்பேன். பக்கத்து வீட்டுக்காரி அப்படி விளையாட்டாகக் கேட்கிற ஆள் இல்லை. வீடு போ போ என்கிற, காடு வா வா என்கிற வயதில் இது என்ன கூத்து என்று என் காதுபடவே சொன்னாள். காட்டுக்குப் போகிறவள் ரோட்டில் ஏன் ஓடுகிறாள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பிறகு அவள் எனக்குத் துணி காயப்போடும் கொடியில் இடம் விடுவதில்லை.

சேலை போய் சுடிதார் டாப்பும் ட்ராக் பேண்ட்டும் வந்தது. செங்கல்பட்டுக் கடையில் பெண்கள் ஷூ ஒன்றும் என் காலுக்குள் போகவில்லை. பன்னிரண்டு வயது வரை செருப்பே போடாமல் வளர்ந்த பாதம், முறம் மாதிரி விரிந்திருக்கும். கடைசியில் ஆம்பளை ஷூ வாங்கினேன். முதலில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று, பிறகு பத்து கிலோமீட்டரில் இரண்டு என்று போட்டிகளுக்கும் போய்விட்டு வந்தேன். பத்தை முடித்த அன்றே இருபத்தொன்று ஓட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அது மாமல்லபுரத்தில் நடக்கிற ஓட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஓடி, நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலைப் பக்கம் திரும்பி, வந்த வழியே மாமல்லபுரம் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். முடிக்க முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் கடைசியாக ஊர்ந்து வரும். விதிமுறையைப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு வரி என் கண்ணில் குத்தியது. அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இருபத்தொரு கிலோமீட்டரில் அனுமதி இல்லை. அவர்களுக்கென்று மூத்தோர் நடை என்று மூன்று கிலோமீட்டர், கையில் கொடியோடு. அதாவது இன்னொரு நாற்காலி.

என் ஆதாரில் அறுபத்திரண்டு வயது. தாராளமாக ஓடலாம். உண்மையில் எனக்கு அறுபத்தைந்து.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். எனக்கு நாலு வயதில் தம்பி பிறந்தான். அவனுக்கு ஒரு வயது ஆகும் வரை அம்மா வயலுக்கே கொண்டுபோய் மரத்தில் ஏணை கட்டிப் போட்டிருந்தாள். பிறகு அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். நடவு காலத்தில் உச்சிப்பொழுதுக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வரப்பிலேயே போய் அம்மாவிடம் பால் கொடுக்க விட்டு, திரும்பத் தூக்கி வர வேண்டும். போக ஒரு மைல், வர ஒரு மைல் இருக்கும். பசியில் அவன் அழ ஆரம்பித்தால் ஓடுவேன். நடந்தால் அழுகை நீளும், ஓடினால் குலுங்குகிற குலுக்கலில் வாயை மூடிக்கொள்வான். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை என் வேலை அதுதான்.

அவன் தானாக ஓடியாடத் தொடங்கியதும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்று யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, ஒன்றாம் வகுப்பு. என் கை காதைத் தாண்டிக் கழுத்துக்கே போய்விட்டது. ஹெட்மாஸ்டர் சிரித்துவிட்டு, எட்டு வயதென்று எழுதினால் இவள் படித்து முடிக்கும்போது வேலைக்கு வயது தாண்டிவிடும் என்று சொல்லி, ஐந்து என்று எழுதினார், ஜூன் ஒன்றாம் தேதி. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். அவர் நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய மூன்று வருஷம் அந்தப் பேனாவோடு போய்விட்டது. தம்பியை வயது வந்ததும் ஒழுங்காகச் சேர்த்தார்கள். அதனால் காகிதப்படி எனக்கும் அவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். அவன் ஒரு வயதுக் குழந்தையாக என் இடுப்பில் இருந்தபோது, அந்தக் கணக்கில் எனக்கு இரண்டு வயது.

நிஜமான வயது ஒரே ஒரு இடத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் ஃபாதர் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு. அம்மா இறந்தபோது அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தம்பி பத்திரமாக வைத்திருக்கிறான். அவன் ஒரு ஆபீஸில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவன், கேளம்பாக்கத்தில் ஃப்ளாட்டில் இருக்கிறான். போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து உலகத்தில் எல்லோருக்கும் நெஞ்சு வலி வரப்போகிறது என்று நம்புகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் மீன் குழம்பு ருசியில் இருபத்தொரு கிலோமீட்டர் விஷயத்தை உளறிவிட்டார். தம்பி சாப்பிடுவதை நிறுத்தினான். விதிமுறையைப் போனில் தேடி எடுத்து அந்த வரியை எனக்கே படித்துக் காட்டினான். முட்டித் தேய்மானம், சர்க்கரை, நடுரோட்டில் விழுந்து செத்தவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டா போவாய் என்றான். சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவேன் என்றேன். கடைசியில் எழுந்து போய் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் கவரோடு அந்தச் சீட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

"தோ பாரு. இத அவங்களுக்கு அனுப்பிடுவேன். அப்பால உன்ன ஓட்டம் தொடங்கற கோட்டாண்டயே நிக்க வுட மாட்டாங்க."

சின்ன வயதில் அவனை ஒரு அறை விட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைத்தேன். அரசாங்கமே நம்புகிற காகிதத்தைத்தான் நான் காட்டுகிறேன், புதிதாக ஒன்றும் பொய் எழுதவில்லை என்றேன். அந்தக் காகிதத்தால் மூன்று வருஷம் கூடுதலாகச் சம்பளம் வாங்கும்போது உனக்கு உண்மை வயது ஞாபகம் வரவில்லையா என்று கேட்டான். சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது நிஜம். உட்கார்ந்து வாங்கவில்லை, நடந்துதான் வாங்கினேன் என்று சொல்லிவிட்டு பாதிச் சோற்றோடு எழுந்து வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது வீட்டுக்காரர் மீனைப் பற்றி மட்டும் வருத்தப்பட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் ஓட்டம் நடத்துகிறவர்கள்தான் கூப்பிடுகிறார்கள், விஷயம் தெரிந்துவிட்டது என்றுதான் நினைப்பேன். யாரும் கூப்பிடவில்லை. ஓட்டத்துக்கு முந்தின நாள் மாமல்லபுரத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பரைக் கொடுத்தபோதும் ஆதாரை மட்டும்தான் பார்த்தார்கள்.

இருட்டுப் பிரியாத நேரத்தில் ஓட்டம் தொடங்கியது. முதல் ஐந்து கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. தேவனேரி தாண்டும்போது கடல் பக்கம் வெளுத்தது. வழியில் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வைத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக நான் கலக்கச் சொல்லிக் கொடுத்த தண்ணீர், அளவு சரியாக இல்லை. குடித்துவிட்டு அதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன். நெம்மேலியில் திரும்பும்போது என் பின்னால் வெகு சிலரே இருந்தார்கள். திரும்பியதும் வேன் எதிரில் வருவது தெரிந்தது. வேனுக்குள் நாலைந்து பேர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பதினாலு தாண்டியபோது வலது முட்டி தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஆணி அடிப்பது போல வலி. வெயிலும் ஏறிவிட்டது. வேன் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கத் தொடங்கியது. அம்மா ஏறிக்கிறீங்களா என்று டிரைவர் மரியாதையாகத்தான் கேட்டார். வேறு வேலை இல்லையா என்று கேட்டேன்.

பட்டிபுலத்தில் என் வீட்டுக்காரர் மொபெட்டோடு நிற்பார் என்பது ஏற்பாடு. நின்றார். பக்கத்தில் தம்பி நின்றான், கையில் அந்த பிளாஸ்டிக் கவர். எனக்கு உள்ளே எல்லாம் நின்றுபோனது போல ஆகிவிட்டது. கால் மட்டும் நிற்கவில்லை. பதினைந்து கிலோமீட்டர் ஓடிய பிறகு இப்போது கொடுக்கப்போகிறானா என்று வயிறு எரிந்தது. அவன் கவரை அசைத்துக்கொண்டு என்கூடவே ஓடி வந்தான்.

"டேய், ஓடாதடா. உன் நெஞ்சுல கம்பி கீது."

"குடுக்கத்தான் எட்த்துகினு வந்தேன். காலைல கோட்டாண்ட வந்தேன். நீ அங்க நின்னுகினு இருந்தத பார்த்தேன். குடுக்க மனசு வர்ல."

அதற்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டான். எனக்கு அழுகை வந்தது, அழுதால் மூச்சு வீணாகும் என்று அடக்கிக்கொண்டேன். வண்டியில ஏறிக்கோக்கா என்று பின்னாலிருந்து கெஞ்சினான். நான் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போனதும் என்னை அறியாமலே இடது கை இடுப்புக்குப் போய்விட்டது, பிள்ளை வைத்திருப்பவள் போல. வலது முட்டி வலிக்கு உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்மானம் எனக்குப் பழக்கமானதுதான். வரப்பில் அப்படித்தான் ஓடினேன். மீதி ஆறு கிலோமீட்டரும் அப்படியே ஓடினேன். முடிவுக் கோட்டைத் தொட்டபோது மூன்று மணி நேரம் ஆக நாலு நிமிஷம் இருந்தது.

புல்தரையில் மல்லாந்து கிடந்தேன். எழுந்தபோது மைக்கில் என் நம்பரைக் கூப்பிட்டார்கள். அறுபதிலிருந்து அறுபத்துநாலு வயதுப் பெண்களில் மூன்றாம் இடம். மொத்தமே நாலு பேர்தான் ஓடினோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது பெண் எனக்கு இரண்டு நிமிஷம் பின்னால் வந்தாள். மேடையில் கேடயம் கொடுத்தார்கள். மைக் பிடித்திருந்த பெண், அறுபத்திரண்டு வயதில் இந்த அம்மா சாதித்திருக்கிறார் என்றாள். கைதட்டினார்கள். கீழே என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு தம்பியும் தட்டினான், கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

அந்த அறுபத்திரண்டு என் காதில் நாராசமாக விழுந்தது. மூன்று வருஷத்தை மறுபடியும் கழித்துவிட்டார்கள், அதுவும் மைக்கில். இந்தக் கால் எங்கே பழகியது? எந்த மூன்று வருஷம் இருந்ததாகவே யாரும் எழுதவில்லையோ அந்த வருஷங்களில். அதை மறைத்துத்தான் இந்தக் கேடயம் என்றால் எனக்கு எதற்கு இது? மேடை ஓரம் வந்து கையை நீட்டினேன். தம்பி புரியாமல் கவரைக் கொடுத்தான். அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்து மைக்கை வாங்கினேன்.

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு. அறுபத்திரண்டு இல்ல. இதுல எழுதி கீது, பார்த்துக்குங்க."

ஓட்டத்தை நடத்துகிறவர் வந்து சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பேசாமலாவது இருந்திருக்கலாமே அம்மா என்று வருத்தத்தோடுதான் சொன்னார். விதிப்படி என் பெயரை எடுக்க வேண்டும் என்றார். எடுங்கள் என்றேன். கேடயத்தை நானே நாலாவதாக வந்த பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வாங்கத் தயங்கினாள். பிடி, நீ ஓடித்தானே வந்தாய் என்று கையில் திணித்தேன். ஓடி முடித்ததற்குக் கழுத்தில் போட்டிருந்த பதக்கத்தையும் கழற்றி நடத்துகிறவரிடம் கொடுத்தேன். நான் ஓடிய இருபத்தொரு கிலோமீட்டரை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்றார் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே என் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டார், எனக்குக் குனிய முடியவில்லை. தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு கேட்டான்.

"நானே குடுக்கலியே. நீ இன்னாத்துக்குக்கா சொன்ன?"

"உன்ன தூக்கினு ஓடின வருஷத்த எவனும் கழிக்கக் கூடாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணைத் துடைத்ததைப் பார்க்காதது போல இருந்தேன்.

இந்த வருஷ ஓட்டத்துக்குக் கம்ப்யூட்டரில் பெயர் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிறந்த தேதிக் கட்டத்தில் கோயில் சீட்டில் இருக்கிற தேதியைப் போட்டேன். அறுபத்தாறு வயதுக்கு இருபத்தொன்று கிடையாது என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன், அந்தத் தேக்கு நாற்காலியில்தான். ஆபீஸில் மனு எழுதிப் பழகிய கை. டாக்டர் சான்று, போன வருஷ நேரம், விதியை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கான காரணங்கள் என்று ஒன்றரைப் பக்கம் அவனே எழுதினான். சாட்சி என்று கீழே கையெழுத்தும் போட்டான், தம்பி, வயது அறுபத்திரண்டு என்று. கடைசி வரியை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதினான்: அனுமதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அன்று காலை கோட்டில் நிற்பேன், வேன் பின்னால் வரட்டும், நான் ஏற மாட்டேன்.